மருந்து குறைந்த துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு

வாட்சர் கேம்ப், கோபிநத்தம் காடு
15-6-2024

அன்புள்ள அய்யாசாமி மச்சானுக்கு,

லிங்கப்பன் எழுதுகிறேன். நானும் என்னோடு இருக்கும் இன்னொரு வாட்சர் சந்துருவும் காட்டில் யானைக்கும் கொசுவுக்கும் நடுவே சௌக்கியம். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்கள் மகள் வைஷாலி பரீட்சை முடித்துவிட்டாளா? இங்கே செல்போன் கல்லுக்குச் சமம். சனிக்கிழமை அரிசி பருப்பு கொண்டுவரும் ஜீப்பில் கடிதம் ஊருக்குப் போகும், கெம்பம்மா தபாலில் போடுவாள். அதனால் கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் எனக்கு ஒரு ரகசியமும் கிடையாது.

சந்துருவுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் சமையல் கற்றுக்கொள்ள வேண்டுமாம். என் வயிற்றை வைத்துப் பழகுகிறான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் ஓடைக்கரையில் ஒரு கடமான் செத்துக் கிடந்தது. நல்ல கொம்புள்ள ஆண். தோள் வீங்கி, சீழ் பிடித்திருந்தது. கால்நடை டாக்டர் அறுத்து ஒரு ஈயத் துண்டை எடுத்தார். ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சியில் உருக்கி வார்க்கிற குண்டை நான் பார்த்திருக்கிறேன், கோணல்மாணலாக இருக்கும். இது முன்பக்கம் சப்பையாகிவிட்டாலும் பின்பக்கம் வட்டம் பிசகவில்லை. கடைசல் கோடு தெரிகிறது. லேத்தில் கடைந்த குண்டு மச்சான்! ஹெப்பாளில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறீர்கள், லேத்துதான் உங்களுக்கு மூத்த சம்சாரம் என்று அக்காவே சொல்வாள். இதையெல்லாம் யார் செய்து கொடுப்பார்கள்? கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம்.
உங்கள் மச்சினன்,
லிங்கப்பன்

*

ஹெப்பாள், மைசூர்
25-6-2024

தம்பி கவின்ராஜுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், தின்கிற கறி அப்படி. இதைப் போனில் பேச எனக்குத் தைரியமில்லை. யார் கேட்பார்களோ, என்ன பதிவாகுமோ. படித்துவிட்டு அடுப்பில் போடு.

மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறது, விரட்ட நாலு குண்டு கடைந்து கொடு என்று கேட்டாய். அப்பாவின் துப்பாக்கி உன்னிடம் இருப்பதே தப்பு, போனால் போகிறது, வெள்ளாமை காக்கட்டும் என்று கொடுத்தேன். நீ காட்டுக்குள் போய்க் கடமானைச் சுட்டிருக்கிறாய். அதுவும் அந்த நோஞ்சான் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தோளில்! அது ஓடிப்போய்ப் புழுத்துச் செத்திருக்கிறது. எனக்கு யார் சொன்னது தெரியுமா? லிங்கப்பன். என் பெண்டாட்டியின் தம்பி காவல் இருக்கிற காட்டில் என் தம்பி திருடுகிறான். குண்டு யார் செய்தது என்று அவன் என்னிடமே கேட்கிறான்.

இனி ஒன்றுகூடக் கிடையாது. துப்பாக்கியைக் காவேரியில் போட்டுவிட்டுத் தலை முழுகு.

அய்யாசாமி

*

ஹெப்பாள், மைசூர்
14-7-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, மன்னித்துக்கொள். சரசுவுக்கு முட்டிவலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. வைஷாலி பாஸ். வீட்டில் கன்னடத்தில்தான் எங்களைத் திட்டுகிறாள், தமிழில் திட்ட வார்த்தை பத்தவில்லையாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த ஹெப்பாளில் மட்டும் எத்தனை லேத்து ஓடுகிறது! ஹோசூர், கோயம்புத்தூர் என்று போனால் கணக்கே இல்லை. யாரென்று போய்க் கேட்பது? கேட்டால் நம்மையே சந்தேகப்படுவார்கள். இதை ரேஞ்சர் பார்த்துக்கொள்ளட்டும், உனக்கு ஏன் வம்பு?

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அது எலும்பில் பட்டா சப்பையானது, தோலிலேயேவா? எவ்வளவு ஆழம் போயிருந்தது?

வேளைக்குச் சாப்பிடு. சந்துருவுக்குக் கல்யாண வாழ்த்தை இப்போதே சொல்லிவிடு.
அய்யாசாமி

*

கோபிநத்தம்
3-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கவின்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உன் வசவு வந்து சேர்ந்தது. அண்ணன் வாயால் திட்டு வாங்கினால் ஆயுசு கெட்டி என்பார்கள், அந்தக் கணக்கில் நான் நூறு வருஷம் இருப்பேன்.

ஆமாம், கடமானைத்தான் சுட்டேன். சோளத்தைப் பன்றி தின்றால் பாவமில்லை, நான் ஒரு மானைத் தின்றால் மட்டும் குடிமுழுகிவிடுமா? இந்த ஊரில் யோக்கியன் யார் என்று எனக்குத் தெரியும்.

நீ திட்டுகிற திட்டில் ஒரு பாதி உன்னைச் சேர வேண்டும். துப்பாக்கி பழசு. குழாய் அப்பா காலத்து இரும்பு. வெடிமருந்தைக் கூட்டிக் குத்தி அடைத்தால் வெடித்து என் மூஞ்சியில் அடிக்கும். குறைந்த மருந்துதான் போட முடியும். அதற்கேற்ற குண்டு வேண்டாமா? நீ கொடுத்தது எலும்பில் பட்டதும் வெல்லக்கட்டியை மிதித்த மாதிரி ஆகிவிடுகிறது போலிருக்கிறது. மறுபடியும் ஒன்றைச் சுட்டேன், பெண். அதுவும் ஓடிவிட்டது. அது கிடந்து அவதிப்படுவது என் குற்றமா, உன் சரக்கின் குற்றமா? கம்பெனிக்கெல்லாம் மயிரிழை பிசகாமல் கொடுக்கிறவன், தம்பி கேட்டால் இப்படித்தான் கொடுப்பாயா?

நல்லதாக நாலு கொடு. ஒரே அடியில் விழட்டும், அதற்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. இல்லையென்றால் மருந்தைக் கூட்டித்தான் பார்க்கப்போகிறேன். கண் போனால் நீதான் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
கவின்ராஜ்

*

வாட்சர் கேம்ப்
24-8-2024

அன்புள்ள மச்சானுக்கு,

சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் இல்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அடிபட்டது மச்சான். பெண் கடமான். பால் கட்டியிருந்தது. முன்னங்காலை ஊன்ற முடியாமல் ஓடைக்குள் வந்து படுத்துவிட்டது. காயத்தில் புழு. காக்கை வந்து கொத்துகிறது, தலையைத் தூக்கி விரட்டக்கூடத் தெம்பில்லை. குட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கத்துகிறது. டாக்டர் வரும்வரை கல்லை எறிந்து காக்கை விரட்டியதுதான் நாங்கள் செய்த வைத்தியம். அவர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் அழுதேன். சந்துரு பார்த்துவிடப் போகிறானே என்று முகம் கழுவப் போனால் அவன் எனக்கு முன்னாலேயே குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எலும்பில்தான் பட்டது, எலும்பைத் தாண்டவில்லை. பட்டன் மாதிரி ஆகிவிட்டது. செத்த பிறகு இதை அறுத்து எடுத்ததும் லேத்துக் குண்டுதான். ஆமாம், அதெல்லாம் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

சுட்டவனாவது காட்டுக்குள் வந்து, யானைக்குப் பயந்து, முள்ளில் நடந்து சுடுகிறான். எங்கேயோ மின்விசிறிக்கு அடியில் நின்று சொகுசாகக் கடைந்து கொடுத்தானே, அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம். அவன் இந்த மானின் கண்ணை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

லிங்கப்பன்

*

ஹெப்பாள், மைசூர்
15-9-2024

கவின்ராஜுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இந்தப் பொட்டலத்தில் நாலு இருக்கிறது. கொடுக்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ மருந்தைக் கூட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வாயோ என்று ஒரு பயம். லிங்கப்பன் அந்தப் பெண்மானைப் பற்றி எழுதியிருந்தான், அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பட்டறையிலிருந்து போன உருப்படி சரியில்லை என்று திரும்பி வந்தால் சரிசெய்து அனுப்பாமல் எனக்குத் தூக்கம் வராது. நல்ல புத்தியோ கெட்ட புத்தியோ, என் கை அப்படிப் பழகிவிட்டது. நீ அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதினாய், கெட்டிக்காரன்.

இது ஈயமில்லை, பித்தளை. எலும்பில் பட்டாலும் சப்பையாகாது. கொஞ்ச மருந்திலேயே நேராக உள்ளே போகும். ஆனால் உள்ளே நிற்காது, அதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடாதே. கிட்டத்தில், பக்கவாட்டில் நின்றால் மட்டும் சுடு. இல்லையென்றால் பேசாமல் வீட்டுக்குப் போ. ஒன்றாவது அவதிப்படாமல் போகட்டும்.

இதோடு சரி. இனி நீ கேட்டாலும் நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்.

அய்யாசாமி

*

வாட்சர் கேம்ப்
19-10-2024

அன்புள்ள மச்சானுக்கு,

மழை நின்று காடு பச்சென்று இருக்கிறது. எனக்குச் சளி, சந்துருவுக்குக் கல்யாணக் கனவு, மற்றபடி குறையில்லை. அக்கா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால் ஒரு டப்பா அனுப்பச் சொல்லுங்கள். சந்துரு சுட்ட முறுக்கை உடைக்க உங்கள் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நீங்கள் கெம்பம்மாவுக்கு நாலு தடவை போன் பண்ணினீர்களாமே. "அவனை வேலைய உட்டுட்டு மைசூருக்கு வரச் சொல்லு, செக்யூரிட்டி வேலை வாங்கித் தர்றேன், காட்ல இருக்க வேண்டாம்" என்று சொன்னீர்களாம். அவளுக்கு ஒரே பயம். என் மேல் உங்களுக்கு இவ்வளவு பாசம் என்று தெரியாமல் போய்விட்டதே! இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது மச்சான். கண்ணாடிக் கட்டடத்து வாசலில் நின்று சல்யூட் அடிக்க எனக்கு வராது.

இன்னொரு விஷயம், யாரிடமும் சொல்ல வேண்டாம். ரேஞ்சர் சாஹேப்ரு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். தீபாவளிக் கறிக்கு அவன் கட்டாயம் வருவான். அதனால் விடிகாலையில் கடமான் தண்ணீர் குடிக்கிற இடத்துக்கு எதிர்க்கரையில், புதருக்குள் நானும் சந்துருவும் பதுங்கியிருக்கப் போகிறோம். மான் தண்ணீருக்கு வரும், மானுக்குப் பின்னாலேயே அவன் வருவான்.

குண்டு பட்டால் என்ன ஆகும் என்று கெம்பம்மாவிடம் கேட்டீர்களாம். அது மானின் எலும்பையே தாண்டாத குண்டு. எங்களை என்ன செய்துவிடும்? தைரியமாக இருங்கள்.

லிங்கப்பன்

*

ஹெப்பாள், மைசூர்
26-10-2024

கவின்ராஜ்,

ஓடைப் பக்கம் போகாதே. ஏன் என்று கேட்காதே. தீபாவளி கழியும்வரை வீட்டை விட்டு நகராதே. அந்த நாலையும் எனக்கே திருப்பி அனுப்பிவிடு.

போன் பண்ணலாம் என்று கையில் எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் லிங்கப்பனைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன், அவனிடம் சொன்னால் உன்னை. இதைத்தான் எழுத முடிகிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், போகாதே.

அண்ணன்

*

கோபிநத்தம்
30-10-2024

அண்ணா,

வணக்கம். உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. நேற்றுக் காலையிலேயே நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

உன் வேலையில் குறை சொல்ல முடியாது. பெரிய ஆண், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நீ சொன்ன மாதிரி பக்கவாட்டில் நின்றது. கொஞ்ச மருந்துதான். நின்ற இடத்திலேயே முட்டி போட்டு விழுந்தது, ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

எதிர்க்கரைப் புதருக்குள் யாரோ கத்தினது மாதிரி இருந்தது. குரங்காகத்தான் இருக்கும். கறியை எடுக்கவில்லை, ஓடி வந்துவிட்டேன்.

ஊருக்குள் இரண்டு தடவை ஜீப் வந்து போனது. ஏன் போகக்கூடாது என்று எழுதினாய்? போனில் சொல்லியிருக்கலாம் இல்லையா அண்ணா?

கவின்ராஜ்

*

கோபிநத்தம்
9-11-2024

மச்சானுக்கு,

லிங்கப்பன் எழுதுகிறேன். அக்கா நலமாக இருக்க வேண்டும்.

சந்துரு செத்துப்போனதைக் கெம்பம்மா போனில் அக்காவிடம் சொல்லியிருப்பாள். மான் மேல் பட்ட குண்டு மானைத் தாண்டி, புதரைத் தாண்டி, அவன் வயிற்றில் பட்டது. நான் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். சுட்டவன் ஓடினான். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அக்கா கல்யாணத்தில் என்னோடு பந்தி பரிமாறினவன்.

மறுநாள் சாயங்காலம் அவனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினோம். அவன் என்னைப் பார்த்து, "அண்ணன் போகாதேன்னுதான் எழுதுச்சுங் லிங்கப்பா, கடுதாசி பிந்தி வந்துருச்சு" என்று அழுதான். அப்போதும் எனக்குப் புரியவில்லை மச்சான். நாங்கள் அங்கே பதுங்குவதை உங்களுக்கு மட்டும்தானே எழுதினேன், நீங்கள் ஏன் அவனுக்கு எழுத வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி டாக்டர் சந்துருவின் வயிற்றிலிருந்து எடுத்ததைக் காட்டினார். பித்தளை. பளபளவென்று, ஒரு நசுங்கல் இல்லாமல். அப்போது புரிந்தது. எலும்பைத் தாண்டியதா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நானும் தாண்டவில்லை என்று எழுதினேன். நான் எழுதியதை வைத்துத்தான் நீங்கள் அதைச் சரிசெய்திருக்கிறீர்கள்.

உங்கள் தம்பி இன்னும் உங்கள் பெயரைப் போலீஸில் சொல்லவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஹனூர் ஸ்டேஷனில் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் சொல்லிவிடுவேன். என் அக்காவின் தாலியை நினைத்துப் பார்த்தேன், சந்துருவுக்குப் பேசி வைத்திருந்த பெண் வந்து நின்றதையும் பார்த்தேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அதற்கு முன் நீங்களாகவே வந்துவிடுங்கள். இவ்வளவுதான் உங்களுக்கு நான் செய்ய முடிந்த மரியாதை.

லிங்கப்பன்

*

ஹெப்பாள், மைசூர்
17-11-2024

தம்பி லிங்கப்பனுக்கு,

அக்கா சரசு எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கெம்பம்மா உன்னைப் பற்றிச் சொன்னது எதுவும் நன்றாக இல்லை.

உன் மச்சான் வியாழக்கிழமையே முதல் பஸ்ஸில் ஹனூருக்குப் போய்விட்டார். உன் கடிதத்தை என் கையில் கொடுத்து, நான் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷனை நான் கை ஓங்கி அடித்ததில்லை, அன்றைக்கு அடித்தேன். வாங்கிக்கொண்டார். வைஷாலி அறையை விட்டு வெளியே வரவில்லை. பட்டறையைப் போலீஸ் பூட்டிவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. நீ செய்தது சரி, அதனால்தான் இவ்வளவு இருக்கிறது. அது தணிய நாளாகும், அதுவரை நீயும் பொறுத்துக்கொள்.

நேற்று வக்கீலோடு போய் அவரைப் பார்த்தேன். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கேஸைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பையன் உடனே போயிட்டானா, இல்ல அவதிப்பட்டானா, லிங்கப்பனக் கேட்டு எழுது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்தவன் நீ, நீதான் எழுத வேண்டும்.

உன் அக்கா,
சரசு

*

வாட்சர் கேம்ப்
30-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம். தணியும்போது தணியட்டும். நான் மறுபடியும் கேம்புக்கு வந்துவிட்டேன். சமைப்பதில்லை, ஜீப்பில் வரும் ரொட்டியைத் தின்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

மச்சான் கேட்டதற்கு உடனே போய்விட்டான் என்று எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். நீயாக இருந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்வாய். ஆனால் நம் வீட்டில் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம். அதனால் நடந்ததை எழுதுகிறேன். நீ அவரிடம் அப்படியே சொல்.

உடனே போகவில்லை அக்கா. வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருந்தான். கேம்பில் வயர்லெஸ் வேலை செய்யவில்லை. நான் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஜீப் தடம்வரை நடந்தேன். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தண்ணீர்தான் கேட்டான். வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அவனைப் பிழைக்கவைத்துவிடலாம் என்று நினைத்தேன். "ஒரு வாய் குடுங்கண்ணா, ஒரே ஒரு வாய்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே வந்தான். ஓடை ஓரமாகவேதான் நடந்தோம். நான் கொடுக்கவில்லை.

லிங்கப்பன்